நிலக்காட்சி ஓவியமும் ஊடகங்களும்: ஓவிய ஆசிரியர் கே. சி. எஸ். பணிக்கரின் அனுபவங்கள்

நிலக்காட்சி ஓவியம் என்பது நிலம், நீர், வானம், மரம், ஊர் முதலியவற்றை முதன்மைப் பொருளாகக் கொண்டு வரையப்படும் ஓவியமாகும். தமிழ்நாட்டில் ஓவியம் பழகும் குழந்தை பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறது. இரண்டு மலைகள், நடுவே உதிக்கும் சூரியன், வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை. இந்தப் படத்தை வரையாத பள்ளி மாணவர் அரிது. பின்னாளில் பெரும்பாலோர் வரைவதையே விட்டுவிடுகின்றனர். சிலர் நிலக்காட்சியைத் திறம்பட வரையக் கற்று, அதிலேயே பெயர் பெற்று நிற்கின்றனர்.

சென்னை அரசு ஓவியப் பள்ளியின் ஆசிரியராகவும் முதல்வராகவும் இருந்த கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977) இவ்விரு வகையிலும் சேராதவர். அவர் சிறுவயதில் நிலக்காட்சியில் தொடங்கி, இளமையிலேயே அதில் பாராட்டுப் பெற்று, ஐம்பது வயதைக் கடந்த பின் அந்தப் பாணியை முற்றிலும் கைவிட்டார். கைவந்த ஒன்றை ஓர் ஆசிரியர் ஏன் விட வேண்டும், நீர்வண்ணம், எண்ணெய் வண்ணம், பத்திக் என ஊடகம் மாறும்போது ஓவியரின் பார்வையில் என்ன மாறுகிறது ஆகிய கேள்விகளுக்கு அவரது வாழ்க்கை விடை தருகிறது. இக்கட்டுரை அவ்விடையை விளக்குகிறது. ஊடகங்களின் தன்மையை விளக்குமிடங்களில் கோட்டக்குப்பம் முதல் மரக்காணம் வரையிலான கடற்கரை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

எடுத்துக்காட்டாகும் கடற்கரை

கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரி நகருக்கு வடக்கே அதனை ஒட்டி அமைந்த கடலோர ஊர். 2021இல் நகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே ஏறத்தாழ 30 கி.மீ. சென்றால் மரக்காணத்தின் உப்பளங்கள் வரும். அவற்றுக்கு அருகே கழுவெளி என்னும் உவர்நீர் ஏரி உள்ளது. இது 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இதே சாலையில் மேலும் வடக்கே, சென்னையை எட்டும் இடத்தில் ஈஞ்சம்பாக்கம் இருக்கிறது. பணிக்கர் தம் மாணவர்களுடன் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் அங்குதான் உள்ளது.

உப்பளத்தில் உவர்நீர் படிப்படியாகப் பல பாத்திகளுக்கு மாற்றப்பட்டு, வெயிலிலும் காற்றிலும் வற்றி, கடைசிப் பாத்தியில் உப்பாகப் படிகிறது. வடகிழக்குப் பருவமழையின்போது இவ்வேலை நின்றுவிடும். அப்போது பாத்திகளும் வரப்புகளும் நீரில் மூழ்கி, வானத்தைப் பிரதிபலிக்கும் ஒரே பரப்பாகத் தெரியும். மழை முடிந்த பின் பாத்திகள் சீராக்கப்படும். கோடையில் வரப்புகளின் மேல் வெண்ணிறக் குவியல்கள் எழும்.

ஓவியம் பழகுபவருக்கு இந்நிலம் எளிதானதன்று. இங்கு மலை இல்லை. படத்தின் குறுக்கே ஒரே நேர்கோடாகத் தொடுவானம் செல்கிறது. அதற்கு மேலே எழுந்து நிற்பவை சில பனைகள், சவுக்குத் தோப்பு, மின்கம்பங்கள், உப்புக் குவியல்கள் மட்டுமே. பள்ளியில் பழகிய இரண்டு மலைப் படம் இங்கு உதவாது. பார்த்து வரைவதைத் தவிர வேறு வழியில்லை.

தமிழ் மரபில் நிலமும் ஓவியமும்

நிலத்தைப் பொருளாகக் கொள்வது தமிழர்க்குப் புதிதன்று. அகப்பொருள் இலக்கணம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் எனப்பட்டது. அதற்குரிய சிறுபொழுது எற்பாடு, உரிப்பொருள் இரங்கல். ஓர் இடத்தை அதற்குரிய பொழுதோடும் உணர்வோடும் சேர்த்தே காண வேண்டும் என்பது இதன் கருத்து. வெளிக்களத்தில் வரையும் ஓவியரும் முதலில் இடத்தையும், அடுத்து எந்தப் பொழுதின் ஒளி என்பதையுமே முடிவு செய்கிறார். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

ஓவியத்தில் நிலம் வேறு விதமாக இடம்பெற்றது. புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசல் சமணக் குடைவரையின் கூரையில், கி.பி. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தாமரைக் குளம் தீட்டப்பட்டுள்ளது. தாமரை, மீன், பறவை, யானை, எருமை, மலர் பறிக்கும் மனிதர் ஆகியவை அதில் உள்ளன. அக்குளத்தை ஓரிடத்தில் நின்று பார்த்தவாறு ஓவியர் தீட்டவில்லை. ஒவ்வொரு பொருளும் எந்தக் கோணத்தில் நன்கு விளங்குமோ அந்தக் கோணத்தில் அமைக்கப்பட்டுள்ளது.

ஓரிடத்தில் நின்று, தொடுவானத்தைக் குறித்து, தொலைவு செல்லச் செல்ல உருவங்களைச் சிறிதாக்கி வரையும் முறை ஐரோப்பியர் வழியாக இங்குப் பரவியது. தாமஸ் டேனியல், அவர் உறவினர் வில்லியம் டேனியல் ஆகிய ஆங்கிலேய ஓவியர்கள் 1792–93 காலத்தில் தென்னிந்தியாவில் பயணம் செய்து கோயில்களையும் மலைக்கோட்டைகளையும் வரைந்தனர். அவை பின்னர் இலண்டனில் அச்சுப் படங்களாக வெளிவந்தன. நீர்வண்ண நிலக்காட்சி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் இத்தகைய படங்களால் வேரூன்றியது.

சென்னை ஓவியப் பள்ளி

சென்னை ஓவியப் பள்ளியை அலெக்சாண்டர் ஹன்ட்டர் என்னும் மருத்துவர் 1850இல் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது அரசுப் பள்ளியாயிற்று. இன்று எழும்பூரில் அரசு கவின் கலைக் கல்லூரி என்னும் பெயரில் இயங்குகிறது. தொடக்கத்தில் கைத்தொழில்களுக்கு உதவும் வரைதலே அங்கு முதன்மையாக இருந்தது.

1929இல் தேவி பிரசாத் ராய் சவுத்ரி (1899–1975) அதன் முதல் இந்தியத் தலைவரானார். இவர் வங்கத்தில் அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றவர். மெரினா கடற்கரையில் உள்ள உழைப்பாளர் சிலை இவர் படைத்தது. உயிருள்ள மனிதரைப் பார்த்து வரைதல், வெளிக்களத்திற்குச் சென்று வரைதல் ஆகிய பயிற்சிகள் இவர் காலத்தில் வலுப்பெற்றன. கைத்தொழில் பள்ளியாக இருந்த நிறுவனம் தனி ஓவியர்களை உருவாக்கும் இடமாக மாறத் தொடங்கியது.

நீர்வண்ணம்: முதல் பாடம்

பணிக்கர் கோயம்புத்தூரில் பிறந்தார். அவருடைய குடும்பம் கேரளத்தின் பொன்னானிப் பகுதியைச் சேர்ந்தது. ஏறத்தாழ 12 வயதிலேயே அப்பகுதியின் தென்னந்தோப்புகள், நீர்வழிகள், பசுமை ஆகியவற்றை வரையத் தொடங்கினார். 17 வயதில் அவர் படங்கள் சென்னையில் நடந்த ஆண்டுக் கண்காட்சியில் இடம்பெற்றன. ஆனால் குடும்பத்தைக் காக்க வேண்டி 18 வயதில் படிப்பை விட்டுத் தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். 1936இல், 25ஆம் வயதில், வேலையை விட்டு ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். உறுதியான வருமானத்தை விட்டு வந்ததால், ஓவியம் அவருக்குப் பொழுதுபோக்காக இருக்க வழியில்லாமல் போயிற்று.

அவருக்கு முதலில் பெயர் தந்தது நீர்வண்ணம். இந்த ஊடகத்தின் அடிப்படை ஒளி ஊடுருவும் தன்மை. வண்ணப் பூச்சின் ஊடாகச் சென்ற ஒளி தாளின் வெள்ளையில் பட்டுத் திரும்புவதால் படம் ஒளிர்கிறது. ஆகவே நீர்வண்ணத்தில் வெள்ளை நிறம் தனியாகப் பூசப்படுவதில்லை. வெள்ளை வேண்டிய இடத்தைத் தொடாமல் விட வேண்டும். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்தில் முடிக்க வேண்டும். ஒருமுறை இருண்ட இடத்தை மீண்டும் வெளிச்சமாக்குவது கடினம்.

மரக்காணத்தில் இதன் பொருள் எளிதில் விளங்கும். படத்தில் மிக ஒளியுள்ள பொருள் உப்புக் குவியல். அதை வரைவதென்றால் அதைச் சுற்றியுள்ள வானத்தையும் சேற்றையும் நீரையும் வரைந்து, குவியலைத் தாளாகவே விட்டுவிட வேண்டும். எதை வரையக் கூடாது என்பதை முதலிலேயே முடிவு செய்தவரால்தான் நீர்வண்ணத்தைக் கையாள முடியும்.

காற்றின் ஈரமும் இந்த ஊடகத்தில் பங்கு கொள்கிறது. கடலோரத்தில் விடியற்காலையில் பூச்சு உலரத் தாமதமாகும். நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து மென்மையான விளிம்பு கிடைக்கும். நண்பகலில் அதே பூச்சு நொடிகளில் உலர்ந்து கூர்மையான விளிம்பு விழும். ஈரப் பூச்சின் மேல் சில உப்புக் கற்களைத் தூவினால், அவை சுற்றியுள்ள நீரை ஈர்த்து, உலர்ந்தபின் விண்மீன் போன்ற வெளிர் தடங்களை விட்டுச் செல்லும். ஓவியர் பலரும் அறிந்த இந்த உத்திக்குத் தேவையான பொருள் உப்பள வரப்பிலேயே கிடைக்கிறது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தாள் நேர் வெயிலில் இருந்தால் கண் கூசி, நிறங்கள் வெளிறித் தெரியும். அதனால் வரைபவர் தேவைக்கு மேல் அடர்த்தியாகப் பூசிவிடுவார். வீட்டிற்கு வந்து பார்த்தால் படம் இருண்டிருக்கும். குடையாலோ தம் உடலாலோ தாளுக்கு நிழல் தருவது இதற்குத் தீர்வு. வரைபவர் ஒருமணி நேரத்தில் எழுந்துவிடலாம். உப்பை வாரும் தொழிலாளர்கள் வேலை முடியும்வரை அந்தக் கூச்சத்தில்தான் நிற்கின்றனர். வெள்ளைப் பரப்பில் ஒரு மனித உருவத்தை வைக்கும்போது இதை அறிந்திருப்பது, அவ்வுருவம் நிற்கும் விதத்தையும் முகத்தைக் கவிழ்த்திருக்கும் விதத்தையும் சரியாக வரைய உதவும்.

எண்ணெய் வண்ணம்: திருத்தும் உரிமை

பணிக்கர் 1940களின் தொடக்கத்தில் தாம் பயின்ற பள்ளியிலேயே ஆசிரியரானார். 1944இல் மாணவர்களையும் சக ஓவியர்களையும் சேர்த்து முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். ஓவியம் பார்க்கவும் விவாதிக்கவும் இடம் குறைவாக இருந்த சென்னையில், கண்காட்சி நடத்துவதும் ஒருவர் படத்தை மற்றவர் விமர்சிப்பதும் இதன் வேலையாக இருந்தன. இக்காலத்தில் அவர் எண்ணெய் வண்ணத்தில் மனித உருவங்கள் நிறைந்த படங்களையும் வரையலானார்.

எண்ணெய் வண்ணம் என்பது நிறப்பொடியை ஆளிவிதை எண்ணெய் போன்ற ஓர் எண்ணெயில் குழைத்துச் செய்வது. நீர்வண்ணத்தில் நீர் ஆவியாகிப் பூச்சு உலர்கிறது. எண்ணெய் வண்ணம் காற்றிலுள்ள ஆக்சிசனை ஏற்று இறுகுகிறது. இதற்கு நாட்கள் ஆகும். இடையில் சுரண்டலாம், மாற்றலாம், இருளின் மேல் ஒளியைப் பூசலாம். எண்ணெய் குறைந்த பூச்சு கீழேயும் எண்ணெய் மிகுந்த பூச்சு மேலேயும் அமைய வேண்டும் என்பது விதி. மாறினால், மேற்பூச்சு முதலில் இறுகி, அடியிலுள்ளது பின்னர் இறுகும்போது வெடிப்பு விடும்.

உப்புக் குவியலை எண்ணெய் வண்ணத்தில் வரையும்போது வெள்ளையை விட்டுவைக்க வேண்டியதில்லை. கடைசியில் தடிப்பாக வைக்கலாம். அப்போது அந்த வெள்ளை ஒரே வெள்ளையன்று என்பது தெரிய வரும். நிழல் பக்கத்தில் வானத்தின் நீலமும், அடியில் சேற்றின் பழுப்பும், மாலையில் மேற்குப் பக்கத்தில் மஞ்சளும் கலந்திருக்கும். கிழக்கு நோக்கிய இக்கடற்கரையில் காலைச் சூரியன் கடல்மேல் எழுவதால், கடலைப் பார்த்து அமர்பவருக்குப் படகுகளும் மனிதரும் இருண்ட வடிவங்களாகத் தெரிவர். மாலையில் ஒளி நிலப்பக்கமிருந்து வருவதால், அதே படகின் நிறங்கள் தனித்தனியே தெரியும்.

கடற்காற்று எண்ணெய்ப் பூச்சின் பகை. ஈரம் மாறாத பூச்சில் மணல் ஒட்டிக்கொள்ளும். டச்சு ஓவியர் வின்சென்ட் வான்கோ 1882இல் ஷெவனிங்கன் கடற்கரையில் பெருங்காற்றில் வரைந்த கடற்காட்சியில் மணல் துகள்கள் இன்றும் பூச்சுக்குள் இருக்கின்றன. மணலை முற்றிலும் தவிர்க்க வேண்டுமானால், கரையில் சிறு குறிப்புப் படம் வரைந்துகொண்டு அறையில் பெரிய படத்தைச் செய்யலாம். இன்று பலரும் பயன்படுத்தும் அக்ரிலிக் வண்ணம் சில நிமிடங்களில் உலர்ந்துவிடும். ஆனால் உலரும்போது அதன் நிறம் சற்று அடர்வதை வரைபவர் முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும்.

கைவந்ததை விடுதல்

1954இல் பணிக்கர் ஐரோப்பா சென்றார். இலண்டன், பாரிசு நகரங்களில் அவர் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அங்கு நவீன ஓவியங்களை நேரில் பார்த்தார். அந்தப் பயணம் பாராட்டோடு ஒரு சிக்கலையும் அவருக்குத் தந்தது. அவர் பழகிய நீர்வண்ணம் ஆங்கில மரபிலிருந்து வந்தது. அதன் பின் பழகிய எண்ணெய் வண்ண முறைகளும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. ஐரோப்பிய ஓவியர்களோ தம் முன்னோர் முறையை உடைத்துப் புதியதைத் தேடிக்கொண்டிருந்தனர். அப்படியானால் இந்திய ஓவியர் எதிலிருந்து தொடங்கி எதைத் தேடுவது?

1957இல் அவர் ஓவியப் பள்ளியின் முதல்வரானார். கேள்வி இப்போது அவரோடு மட்டும் நிற்கவில்லை. ஒவ்வோராண்டும் சேரும் மாணவர்களுக்கு எதைக் கற்பிப்பது என்பதும் அதில் அடங்கியிருந்தது. முதல்வர் சிறந்த நிலக்காட்சி ஓவியராக இருந்தால், மாணவர்கள் அவரைப் போல வரைய முயல்வது இயல்பு. ஆசிரியரின் திறமையே மாணவருக்குத் தடையாகிவிடும் நிலை அது.

1963 அளவில் பணிக்கர் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசையைத் தொடங்கினார். எண்களும் எழுத்துகளும் வடிவங்களும் நிறைந்த ஒரு மாணவரின் கணக்குக் குறிப்பேடு இதற்குத் தூண்டுதலாக அமைந்ததாகக் கூறப்படுகிறது. இப்படங்களில் மலையாள எழுத்தை நினைவூட்டும் வரிகள், சாதகக் கட்டங்கள், எண்கள், சிறு விலங்கு உருவங்கள் ஆகியவை நிறப்பரப்பின் மேல் பரவியிருக்கும். வரிகளைப் படித்துப் பொருள் காண முடியாது, ஏட்டைப் பார்ப்பது போலப் பார்க்கத்தான் முடியும். தொடுவானமோ நிழலோ தொலைவோ இவற்றில் இல்லை. சித்தன்னவாசல் குளத்தைப் போல, ஓரிடத்தில் நின்று பார்க்கும் பார்வையே இவற்றில் கைவிடப்பட்டது. தம் இறுதிக்காலம் வரை பணிக்கர் இவ்வரிசையில் பணியாற்றினார்.

இதை நிலக்காட்சி தாழ்ந்தது, குறியீடு உயர்ந்தது என்று புரிந்துகொள்ளக் கூடாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலத்தைப் பார்த்து நிறங்களை அடுக்கிப் பழகிய கைதான் அந்தப் பரப்புகளையும் அமைத்தது. அவர் கைவிட்டது தயங்காமல் வந்துகொண்டிருந்த ஒரு பழக்கத்தை. விற்பனைக்கும் பாராட்டுக்கும் உறுதியான ஒரு பாணியை முதல்வர் பதவியில் இருக்கும்போதே விட்டது, மாணவர்களுக்கு எந்த வகுப்பை விடவும் தெளிவான பாடமாக இருந்தது. அவர் காலத்து மாணவர்களான கே. எம். ஆதிமூலம், ஆர். பி. பாஸ்கரன், எஸ். ஜி. வாசுதேவ், கே. வி. ஹரிதாசன் ஆகியோர் ஒருவரைப் போல ஒருவர் வரையவில்லை என்பது இதற்குச் சான்று. உடன் பணியாற்றிய எஸ். தனபால், எல். முனுசாமி, ஏ. பி. சந்தானராஜ் போன்ற ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு.

பத்திக்: பிழைப்புக்கு ஓர் ஊடகம்

படிப்பை முடித்த மாணவர்களை எதிர்நோக்கிய பெரிய கேள்வி சோறு. சென்னையில் அன்று நவீன ஓவியத்தை வாங்குவோர் மிகச் சிலர். விளம்பரத் துறை, துணி வடிவமைப்பு, பள்ளியில் ஓவிய ஆசிரியர் பணி ஆகியவையே வழிகள். அவற்றில் சேர்ந்தவர் பலருக்குச் சொந்தமாக வரைய நேரம் கிடைக்கவில்லை. தந்தித் துறையில் சில ஆண்டுகளைக் கழித்த பணிக்கருக்கு இந்நிலை புதிதன்று.

ஓவியர்கள் கைவினைப் பொருள்கள் செய்து விற்று, அவ்வருமானத்தில் வாழ்ந்துகொண்டு, மீதி நேரத்தில் சொந்தப் படைப்பில் ஈடுபடலாம் என்பது அவரும் மாணவர்களும் கண்ட வழி. அக்கைவினைகளில் முக்கியமானது பத்திக். துணியில் சாயம் ஏறக் கூடாத இடங்களை உருகிய மெழுகால் மூடி, சாயத்தில் தோய்த்து, மீண்டும் மெழுகிட்டு அடுத்த சாயத்தில் தோய்க்கும் முறை இது. வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்திற்குச் செல்வதிலும், வெள்ளையை முதலிலேயே காத்துக்கொள்வதிலும் இது நீர்வண்ணத்தை ஒத்தது. மெழுகு விரிசல் விட்ட இடங்களில் சாயம் நுழைந்து மெல்லிய கோடுகளாகப் படியும். நீர் வற்றி வெடித்த உப்பளச் சேற்றைப் பார்த்தவருக்கு அக்கோடுகள் பழக்கமானவை.

இவ்வாறு ஈட்டிய பணத்தைக் கொண்டு 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர நிலத்தை வாங்கி, முப்பதுக்கும் மேற்பட்ட ஓவியர்களும் சிற்பிகளும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தனர். ஐரோப்பியர் நாவில் 'கோரமண்டல்' ஆகத் திரிந்த இக்கடற்கரையின் பழைய பெயரே கிராமத்திற்குச் சூட்டப்பட்டது. பணிக்கர் 1967இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1976இல் லலித் கலா அகாதமி அவரைத் தன் உறுப்பினர் தகுதியளித்துச் சிறப்பித்தது. அடுத்த ஆண்டு சனவரியில் காலமானார். ஓவியர் கிராமம் இன்றும் அங்குள்ள கலைஞர்களாலேயே நடத்தப்படுகிறது.

மையும் கோடும்: எதிர்த்திசைப் பயணம்

பணிக்கர் நிலக்காட்சியிலிருந்து குறியீட்டுக்குச் சென்றார். அவர் முதல்வராக இருந்த காலத்தில் பயின்ற கே. எம். ஆதிமூலம் (1938–2008) ஏறத்தாழ எதிர்த்திசையில் சென்றவர். துறையூர் அருகே கீராம்பூரில் பிறந்த அவர் முதலில் அறியப்பட்டது கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களால். காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டிக் காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' தொடருக்கு அவர் வரைந்த படங்கள் வழியாகப் பொது வாசகர்களும் அவரை அறிந்தனர். பின்னாளில் எண்ணெய் வண்ணத்தில் பெரிய கித்தான்களில் நிறப்பரப்புகளை அடுக்கினார். அவற்றில் மரமோ வீடோ இல்லாவிட்டாலும், பார்ப்பவர் நிலத்தையும் நீரையும் உணர்கின்றனர்.

மை அழியாதது. போட்ட கோடு நிற்கும். நிறம் இல்லாததால் இருளையும் ஒளியையும் கோடுகளின் நெருக்கத்தாலும் இடைவெளியாலும் மட்டுமே காட்ட வேண்டும். மரக்காணத்தை மையில் வரைந்தால் உப்பின் ஒளி பின்னுக்குச் சென்று வரப்புகள் முன்னுக்கு வரும். பாத்திகள் தொலைவில் செல்லச் செல்ல எவ்வாறு குறுகி நெருங்குகின்றன, எந்த வரப்பு உடைந்திருக்கிறது, மடை எங்கே இருக்கிறது என்பவை தெளிவாகும். கரித்துண்டு இதற்கு நேர்மாறானது. விரலால் தேய்த்தால் பரவும், துணியால் துடைத்தால் போகும். மழைக்கால மேகமும் கழுவெளியின் மங்கிய எதிர்க்கரையும் அதில் எளிதாக அமையும். மென்மையான பென்சில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. பையில் எப்போதும் வைத்திருக்க ஏற்றது.

ஒரே இடத்தை இந்த ஊடகங்களில் அடுத்தடுத்து வரைந்து பார்ப்பது மாணவர்களுக்கு நல்ல பயிற்சி. நான்கு படங்களும் ஒரே வரப்பைப் பற்றியவையாக இருந்தாலும் ஒன்றில் ஒளியும், ஒன்றில் நிறமும், ஒன்றில் அமைப்பும், ஒன்றில் காற்றின் ஈரமும் முதன்மை பெற்றிருக்கும். இப்பயிற்சியின் முடிவில், தமக்கு எளிதாக வந்தது எது என்பதோடு, எது தம்மைத் தடுத்தது என்பதையும் மாணவர் குறித்துக்கொள்வது நல்லது. பணிக்கரின் அனுபவப்படி, அடுத்த கட்டம் பெரும்பாலும் தடுத்த இடத்திலிருந்தே தொடங்குகிறது.

மாறிவரும் நிலம்

இக்கடற்கரையை வரைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கு அலைகளால் நகரும் மணல் ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் தெற்கிலிருந்து வடக்காகச் செல்கிறது. 1980களில் புதுச்சேரித் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் கட்டப்பட்ட தடுப்புச் சுவர்கள் இந்த ஓட்டத்தை மறித்தன. தெற்கே மணல் சேர, வடக்கே புதுச்சேரி நகரக் கடற்கரையிலும் கோட்டக்குப்பம், அதை ஒட்டிய மீனவக் குப்பங்களிலும் கரை அரிக்கப்பட்டது. படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் பயன்பட்ட மணற்பரப்பு பல இடங்களில் போய்விட்டது. கரையைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன.

ஆகவே இன்று கோட்டக்குப்பத்தில் வரைய அமரும் மாணவர், மணலில் சாய்ந்த கட்டுமரத்தை நினைவிலிருந்து வரைவதா, எதிரே இருக்கும் கருங்கல் அடுக்கை வரைவதா என்று முடிவு செய்ய வேண்டியுள்ளது. முதலாவது அழகாக அமையும். ஆனால் அது இரண்டு மலைப் படத்தின் கடற்கரை வடிவமாகிவிடும் ஆபத்து உண்டு. கற்களை உள்ளபடி வரைந்து, இடமும் நாளும் நேரமும் குறித்து வைத்தால், அது ஓவியப் பயிற்சியாகவும் ஊரின் ஆவணமாகவும் பயன்படும். பத்து ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் மீண்டும் வரையும்போது இதன் மதிப்பு தெரியும்.

பார்க்கவும் பயிலவும்

பணிக்கரின் படங்களுக்கெனத் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் தனிக்கூடம் உள்ளது. சோழமண்டலத்தில் 2009இல் திறக்கப்பட்ட கலை மையத்தில் சென்னை ஓவிய இயக்கத்தைச் சேர்ந்த பலரின் படைப்புகளை ஒரே இடத்தில் காணலாம். ஓவியத்தை முறையாகப் பயில விரும்புவோருக்குச் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் உள்ளன. கோட்டக்குப்பம் பகுதி மாணவர்களுக்கு அருகில் இருப்பது புதுச்சேரி அரியாங்குப்பத்தில் உள்ள பாரதியார் பல்கலைக்கூடம். இவற்றில் சேரும் முன்பே தொடங்குவதற்கு ஒரு பென்சிலும் சில தாள்களும் போதும். மாலை நான்கு மணிக்குப் பிறகு வெயில் தணிந்ததும், வரப்பில் நடக்க அங்கு வேலை செய்வோரிடம் கேட்டுக்கொண்டு, அவர்கள் வழியை மறைக்காத ஓரிடத்தில் அமர்ந்து வரையத் தொடங்கலாம்.